படத்தை வாசித்தல்: பொருநைக் கரையிலிருந்து சில சித்திர நூல்கள்

சித்திர நூல் என்றதும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுக்கான புத்தகம் என்ற நினைப்புத்தான் பலருக்கு முதலில் வருகிறது. "எப்பப் பாரு பொம்ம பாத்துக்கிட்டு இருக்கான்" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத வீடு திருநெல்வேலிப் பக்கம் குறைவு. பள்ளியில் காமிக்ஸ் புத்தகம் பிடிபட்டால் அது ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் போகும். நூலகப் பதிவேட்டில் ஏறாது. இதனால் நட்டம் யாருக்கு என்றால், நீண்ட பத்திகளைக் கண்டு மிரளும் மாணவருக்குத்தான். அவர் விரும்பி எடுத்த ஒரே புத்தகத்தையும் நாம் பிடுங்கி வைத்துக்கொள்கிறோம்.

அதற்காகப் படம் உள்ள எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம் ஆகிவிடாது. தேர்ந்தெடுக்க ஒரு எளிய சோதனை உண்டு. படங்களை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது படம் போட்ட நூல். கதையின் ஒரு பகுதியே காணாமல் போகிறது என்றால் அது சித்திர நூல். இன்று பளபளப்பான தாளில் வரும் சிறுவர் நூல்கள் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. "யானை ஆற்றில் குளித்தது" என்று எழுத்து சொல்லும்; ஆற்றில் ஒரு யானை நிற்கும். ஆறு எது, யானை யாருடையது, கரையில் யார் நின்று பார்த்தார்கள் என்று கேட்கப் படத்தில் இடமே இருக்காது. இந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழ்க்காணும் நூல்களைப் பரிந்துரைக்கிறேன்.

கோபுரத்துக்குள் ஒரு நூல்

முதல் பரிந்துரை அச்சில் வந்தது அன்று. கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் ராஜகோபுரம் ஐந்து நிலைகள் கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கோபுரங்களைப் போலத்தான் தெரியும். உள்ளே ஏறினால் தூண்களிலும் உத்திரங்களிலும் மரச்சிற்பங்கள். நிலைக்கு நிலை சுவர் நிறைய ஓவியங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று பொதுவாகக் கருதப்படும் இவ்வோவியங்களில் புராணக் காட்சிகள் உண்டு, போர்க்களம் உண்டு, குதிரைகளை ஏற்றி வரும் கப்பலும் உண்டு. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் ஆற்றங்கரைக் கோயிலுக்குள் குதிரை வணிகக் கப்பல் ஏன் வந்தது என்று கேட்டாலே ஒரு வரலாற்றுப் பாடம் தொடங்கிவிடும்.

நாயக்கர் காலச் சுவரோவியங்களில் கதை கிடைமட்டப் பட்டைகளாக ஓடும். ஒரே பாத்திரம் அதே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார். ஒவ்வொரு முறையும் காலம் சற்று நகர்ந்திருக்கும். பக்கம் திருப்புவதற்குப் பதிலாகப் பார்ப்பவர் நடக்கிறார், அவ்வளவுதான். சித்திரக்கதையின் இலக்கணம் இதுவே. ஐரோப்பாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ இறக்குமதியான கலை என்று இதை ஒதுக்குபவர்கள் ஒரு முறை அம்பாசமுத்திரம் பக்கம் போய்வரலாம். இவ்வோவியங்களைப் பற்றிப் பேராசிரியர் சா. பாலுசாமி எழுதிய 'சித்திரக்கூடம்' நூலைப் படித்துவிட்டுப் போனால் கண்ணுக்கு இன்னும் பல தட்டுப்படும். அங்குள்ள போர்க்காட்சியில், இதே ஆற்றின் கரையில் விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் நடந்த போரை அவர் அடையாளம் காண்கிறார். குற்றாலத்துச் சித்திர சபையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வழிபடப்படும் நடராசரே ஓர் ஓவியம்தான்.

பாரதி அச்சிட்ட படங்கள்

எட்டயபுரத்தில் பிறந்து திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தை நிலைநிறுத்திய முன்னோடி என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழின் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து, 1994இல் 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்ற நூலாக வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்வேன். கோட்டின் நேர்த்திக்காக இந்நூலைத் தேட வேண்டாம். அந்தக் காலத்து அச்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலத்தில், அரசாங்கத்தை எதிர்த்து ஒரு கருத்தைச் சொல்ல ஓர் ஆசிரியர் படத்தை நம்பினார் என்பதே இதிலுள்ள செய்தி. 'மகாகவிக்குப் பொம்மை எதற்கு' என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிவகாசியின் மாயாவி

கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. நாடகத் திரைச்சீலை வரைய வந்து அங்கேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜூவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தன. அந்தச் சிவகாசியிலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன.

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் இதழொன்றில் வந்த தொடரின் தமிழாக்கம். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் கதாநாயகன் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் தெரியும். நம் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கை எங்கே என்று வாசகர் தேட வேண்டும். எழுத்து அதைச் சொல்லாது. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு இது இன்னும் நெஞ்சில் நிற்பதற்குக் கதையைவிட இந்தத் தேடலே காரணம் என்பேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்த பேச்சுக் குமிழிக்குள் தமிழ் வசனம் அடங்காது. நம் சொற்கள் நீளம். அதனால் எழுத்து எறும்பளவு சிறுத்துப்போகும். பழைய கையடக்க இதழ்களில் ஓவியரின் உழைப்பில் பாதி மை அப்பலில் போனது. அண்மைக் காலத்தில் பெரிய அளவிலும் வண்ணத்திலும் வரும் ஐரோப்பிய ஆல்பங்களின் தமிழாக்கங்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 'இரத்தப் படலம்' வரிசையை எடுக்கலாம். நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் கதை அது. ஆனால் இவற்றில் வரும் பாலைவனமும் பனிமலையும் வேற்று நாட்டுடையவை. இத்தனை ஆண்டு உழைப்பும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே செலவாகிவிட்டது என்பது என் வருத்தம்.

பீமாயணம்

ஒரே ஒரு நூலைத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு என் பரிந்துரை 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்வில் தீண்டாமை குறுக்கிட்ட இடங்களைச் சொல்லும் இந்நூல் 2011இல் நவயானா வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்கம் காலச்சுவடு வெளியீடு. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த், ஓவியம் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடிக் கலைஞர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம்.

இதில் கதையைக் கட்டங்களாக வெட்டி அடைக்கவில்லை. கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் இடும் 'திக்னா' கோலம் பக்கங்களுக்குள் வளைந்து வளைந்து காட்சிகளைப் பிரிக்கிறது. பேச்சுக் குமிழியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்பாகப் பேசுபவரின் சொல் பறவை வடிவில் வரும். கொட்டும் சொல்லுக்குத் தேளின் கொடுக்கே வால். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எழுத்து எங்கும் விளக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் இதை ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

நூல் முழுவதும் ஓடுவது தண்ணீர். பள்ளியில் தாகத்தோடு காத்திருக்கும் சிறுவன் பீம் தொடங்கி, 1927இல் மகாட் குளத்தில் இறங்கிய மக்கள் வரை, யார் எந்த நீரைத் தொடலாம் என்பதே கேள்வி. வற்றாத ஆறு என்று தாமிரபரணியைப் பற்றிப் பெருமை பேசும் நாம், நம் ஊர்களின் படித்துறைகளையும் கிணறுகளையும் யார் யார் எங்கே நின்று பயன்படுத்தினார்கள் என்று பேசுவதில்லை. வகுப்பறையில் கேட்கத் தயங்கும் இந்தக் கேள்வியை இப்புத்தகம் தயங்காமல் கேட்கிறது.

எழுத்தைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பேருந்து நிறுத்தத்தில் இருவர் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சட்டகக் கதை மேடைப்பேச்சு போல இருக்கிறது. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை எழுத்து மறுபடி விளக்கும் இடங்கள் அவை. அந்தப் பக்கங்களை விரைந்து கடந்துவிடலாம்.

இன்னும் இரண்டு

மர்ஜானே சத்ரபியின் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' விடியல் பதிப்பகம் வழியாகத் தமிழில் கிடைக்கிறது. வெறும் கறுப்பும் வெள்ளையும். பள்ளியில் முக்காடு கட்டாயமான நாளில், சிறுமிகள் அதையே கயிறாக்கி விளையாடும் காட்சியைப் பார்த்தால், புரட்சி பற்றிய பத்துப் பக்கக் கட்டுரை தேவைப்படாது. பெண் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டிய புத்தகம் இது.

அழகுக்காகவே ஒன்று வேண்டும் என்றால், சென்னை தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட மரங்களைப் பற்றிய கோண்டு ஓவிய நூலைச் சொல்லலாம். கையால் செய்த கறுப்புத் தாளில், கையாலேயே திரை அச்சில் பதித்தது; ஆங்கில நூலென்றாலும் எழுத்து மிகக் குறைவு. 2008இல் இத்தாலியின் போலோனியா நகரில் பரிசு பெற்றது. விலை சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பொது நூலகங்கள் வாங்கி வைக்க வேண்டிய வகை. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. வாசகர்கள் கேட்டால்தான் வரும்.

வரைய வேண்டிய ஒன்று

மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் பேனாவால் வரைந்து நூல்களாக்கியவர் மனோகர் தேவதாஸ். பார்வை படிப்படியாகக் குறைந்துகொண்டே போன நிலையில் அவர் செய்த வேலை அது. 2022இல் மறைந்தார். அப்படியொரு கை நெல்லைக்கு வாய்த்தால் எதை வரையும்? குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கி எழுவதை வரையலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அது கற்பனை அன்று.

அதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. ஆர். ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக இதைப் பதிவு செய்தார். ஆர்ட் ஸ்பீகல்மேன் தம் தந்தை நாஜி முகாமில் பட்ட பாட்டை எலிகளையும் பூனைகளையும் வைத்து 'மௌஸ்' என்று வரைந்தார். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. துயரத்தை வரைவது அதைச் சிறுமைப்படுத்துவது ஆகாது என்பதற்கு அதுவே சான்று. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகமும் பக்கத்தில் சுலோசன முதலியார் பாலமும் கீழே ஆறும் இன்றும் அருகருகேதான் இருக்கின்றன. பாலத்தின் நடைபாதையில் நின்றால் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். ஓவியருக்கு முதல் பக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.