எதிராளி சுமந்த மூட்டை

காண்ட்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூம். காண்ட்டே 1783-ல் அப்படித்தான் எழுதினார். ஆனால் ஸ்காட்லாந்தில் பிறந்த குரல் கோனிக்ஸ்பெர்க் வரையில் எப்படிப் போயிற்று? காண்ட்டுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. 1739-ல் வெளிவந்த ஹியூமின் முதல் பெரிய நூலோ 1790-ல்தான் ஜெர்மனில் முழுசாக வரத் தொடங்கியது.

அபர்டீனில் ஜேம்ஸ் பீட்டி என்று ஓர் ஆசிரியர், கவிஞரும்கூட. ஹியூமை ஒழித்துக்கட்டுவதென்றே 1770-ல் ஒரு புஸ்தகம் போட்டார். திட்டுவதற்காக ஹியூமின் வாக்கியங்களைப் பத்தி பத்தியாக எடுத்துக் கொடுத்தார். 1772-ல் அது ஜெர்மனுக்கு வந்துவிட்டது. காரண காரியம் பற்றிய ஹியூமின் சந்தேகம் காண்ட்டுக்கு இதன் வழியாகவே எட்டியிருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். அதே ஊர்க்காரரான ஹமான் 1771-ல் ஹியூமின் நூலில் ஒரு பகுதியை மொழிபெயர்த்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஹியூமின் கேள்வியே பீட்டி வகையறாவுக்குப் புரியவில்லை என்று காண்ட் ஏளனம் செய்தார். அது நியாயந்தான், பீட்டியின் வாதத்தில் கோபம் அதிகம், சரக்குக் குறைவு. ஆனாலும் எதிராளியின் பேச்சை அவன் வாய்மொழியாகவே எடுத்துவைத்தாரே, விமரிசகர்களில் எத்தனை பேருக்கு அந்த மனசு வருகிறது? அதற்காகவாவது காண்ட் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

ஹியூமும் அவரைக் கடிதத்தில் ஏசினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மட்டும் 1773-ல் வருஷத்துக்கு 200 பவுன் பென்ஷன் கொடுத்தார்.