தொண்டன் வெட்டிய பாதை

மலையே இல்லாத ஊரிலிருந்து மலைப்பாதையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். காரைதீவில் நாம் காலால் அறிந்தது மணலும் வயல்வரம்பும் மட்டுமே. கல்முனையிலிருந்து நிந்தவூர்வரை துவிச்சக்கர வண்டியில் செல்பவன் ஏற வேண்டிய ஏற்றம் ஒரு பாலத்தின் முதுகளவே. ஆயினும் பாதை என்பது எங்கும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகிறது. அதை வெட்டியது யார்? பேணுவது யார்? அதில் போவது யார்? இம்மூவரும் ஒருவரே ஆகிவிட்டால் அது ஒரு சமுதாயம். மூவரும் வேறு வேறாகிவிட்டால் அது இன்னொரு சமுதாயம். அண்மைக் காலமாக மேலை நாடுகளில் மலைத் துவிச்சக்கர வண்டியோட்டிகள் கூலியின்றித் தாமே பாதை வெட்டிப் பேணிவரும் முயற்சி நம்மவரிடையேயும் புகழப்படுகிறது. அப்புகழ்ச்சியில் பாதியை நாம் ஏற்கிறோம். மறுபாதியை ஏற்பதற்கில்லை.

முதலில் ஏற்கத்தக்கதைச் சொல்லிவிடுவோம். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், 1970களில், முப்பது நாற்பது ஆண்டுப் பழைமையான தடித்த சக்கர வண்டிகளை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி விளையாடிய இளைஞர்களிடமிருந்து இவ்வியக்கம் தோன்றிற்று. 1976இல் அவர்கள் அங்கே ஒரு போட்டியைத் தொடங்கினர். இறக்கத்தில் பின்சக்கரத் தடை சூடேறி உள்ளிருந்த மசகெண்ணெய் எரிந்து புகைந்துவிடுமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அதை மீண்டும் அடைத்தாக வேண்டும். அப்போட்டியின் பெயரே அந்த வேலையிலிருந்து பிறந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தேவைக்கென்றே ஒரு வண்டியைக் கட்டினார். வண்டி பெருகவே தகராறும் பெருகிற்று. நடந்து செல்வோரும் நிர்வாகத்தினரும் வண்டிகளை விலக்கினர். பல பாதைகளில் தடைப்பலகை எழுந்தது. 1988இல் கலிபோர்னியக் கழகங்கள் சில ஒன்றுகூடிச் சர்வதேசச் சங்கம் ஒன்றை அமைத்தன. நமக்கும் பாதையில் உரிமையுண்டு என்று வெறுங்கையோடு வாதாடுவதைவிட, மண்வெட்டியோடு வந்து அதைத் திருத்திக் காட்டுவோம் என்பது அவர்கள் கண்ட வழி. உரிமையை உழைப்பால் நிலைநாட்டிய இந்தப் புத்தி பாராட்டுக்குரியது.

அவ்வுழைப்பின் நுட்பமோ அதனினும் சுவையானது. மலைப்பாதையின் பகைவன் சக்கரமன்று, நீர். சரிவை நேர்கீழாகப் பிளந்து செல்லும் பாதை முதல் மழையிலேயே ஓடையாகிவிடும்; ஓடையானபின் அதைத் திருத்துவது வீண் வேலை. ஆகவே சரிவின் குறுக்காக, மலையின் உடம்பில் ஒரு படியை வெட்டுவதுபோல் வெட்டுகிறார்கள். நூறு அடி தூரத்தில் பத்தடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது பொது விதி. பக்கச் சரிவின் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக்கூடாது என்பது இன்னொன்று. பாதையின் வெளிவிளிம்பைச் சற்றே தாழ்த்திவிட்டால் மழைநீர் அதன்வழி ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். இடையிடையே ஏற்றத்துக்குள் ஒரு சிறு இறக்கத்தை வைத்தால் தேங்கவந்த நீருக்கு அங்கே வாயில் கிடைக்கும். இவை யாவும் செய்து முடித்தபின்னும் ஆண்டுதோறும் வந்து தூர்ந்த வாயிலைத் தோண்ட வேண்டும். வழிமறித்து வீழ்ந்த மரத்தை அறுக்க வேண்டும். வெட்டுவது ஒரு நாள் விழா. பேணுவதோ ஓயாத வேலை. கட்டுரை எழுதும் நம் போன்றோர் முதலாவதையே போற்றி இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம்.

இனி நம் மறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலியின்றி மண் வெட்டுவதற்கு, சனிக்கிழமைவரை வயிறு நிறைந்திருக்க வேண்டும். தொண்டு என்பது ஓய்வுநேரம் உடையவனின் உழைப்பு. இது குற்றமன்று, ஆனால் மறைக்கப்படக் கூடாத உண்மை. அதே மலையில் வாரம் ஆறு நாளும் மண் வெட்டுபவன் ஏழாம் நாள் வெட்டினால் அவனுக்கு யாரும் தொண்டன் என்று பட்டம் சூட்டுவதில்லை.

நம் நாட்டின் வரலாறு இதனை வேறு நிறத்தில் காட்டுகிறது. கூலியில்லா வேலையான இராசகாரியத்தை 1832இல் கோல்புறூக் குழுவின் பரிந்துரைப்படி ஆங்கிலேயர் நீக்கினர். பதினாறே ஆண்டுகள் கழித்து, 1848இல், டொரிங்டன் ஆளுநராயிருந்தபோது வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்தாக வேண்டும். இன்றேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். அவ்வீதிகளால் பெரிதும் பயனடைந்தது கோப்பித் தோட்டமே. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு ஏனைய வரிகளோடு இதுவும் ஒரு காரணம். புரான் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். பாதை வெட்டுவது நாட்டுக்கு நன்மை என்றுதான் அன்றும் சொல்லப்பட்டது. நன்மை யாருக்கு என்று கேட்டவனுக்குத் துப்பாக்கி பதில் சொல்லிற்று.

மலையகத்துக்கு வருவோம். கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நெடும்பாதை 2023இல் திறக்கப்பட்டது. இருபத்திரண்டு கட்டங்கள், ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவின. நடப்போருக்கும், பல இடங்களில் துவிச்சக்கர வண்டியோட்டிகளுக்கும் உரிய பாதை அது. நல்ல முயற்சியே, மலையகச் சிற்றூர்களில் நாலு பணம் புழங்கினால் நமக்கென்ன வருத்தம்? ஆனால் அப்பாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. பழைய தோட்டப் பாதைகளே இன்று பெயர்ப்பலகை பூண்டு நிற்கின்றன. மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் அந்த வளைவும், பக்கத்தே நீரை வழிமாற்றும் கானும், கலிபோர்னிய இளைஞர் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த அதே கலைதான். கான் வெட்டிய தொழிலாளி அக்கலையை எந்தக் கைந்நூலிலும் படித்தவனல்லன்.

அதே 2023ஆம் ஆண்டு, ஜூலை இறுதியில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி வேறொரு நடை புறப்பட்டது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர, முன்னோர் நடந்த வழியிலேயே அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தனர். அந்த வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியாகி வீழ்ந்தவர்களுக்கு எண்ணிக்கையில்லை. நடந்து வந்து, காடு வெட்டி, வீதியும் அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. ஒரே ஆண்டில் இரண்டு நடைகள்! ஒன்று காட்சிக்காக, மற்றது காணிக்கும் உரிமைக்குமாக. நம் சஞ்சிகைகள் முதலாவதற்கு வண்ணப்படம் அச்சிட்ட அளவுக்கு இரண்டாவதற்கு இடமளித்தனவா என்று வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

சிரமதானத்தைச் சொல்லாமல் இப்பேச்சு முடியாது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற சிற்றூருக்குச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. கிணறு தோண்டியதும் மண் வெட்டியதும் இருக்கட்டும். அம்மக்களோடு ஒரே பந்தியில் உண்டதும் உறங்கியதும்தான் அம்முகாமின் உண்மையான பணி என்பது நம் கருத்து. இதை வாசிக்கும் ஆசிரியர்கள் இந்த ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பின்னாளில் சிரமதானம் என்ற சொல் தேய்ந்து, அதிகாரி ஒருவர் மண்வெட்டியோடு படமெடுத்துக்கொள்ளும் சடங்காயிற்று. எமக்கும் ஓர் அனுபவமுண்டு. மாரி வருமுன் ஒரு கானைத் துப்புரவாக்க மாணவர்களோடு கூடினோம். வேலை முடிந்தது. அடுத்த ஆண்டு, முன்பு கூலியாள் அமர்த்திவந்த அலுவலகம், ‘நீங்கள்தான் செய்கிறீர்களே’ என்று கையை விரித்துவிட்டது. இருந்த கூலியாள் ஒருவர் வேலையிழந்தார். எமது தொண்டின் விலையை அவர் கொடுத்தார்.

இதனால் தொண்டே வேண்டாமென்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. நம் வயற்புறத்திலேயே எதிர்ச்சான்று இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்து, கடைமடைக்கு நீர் எட்டாதிருந்த காலம். 1981 முதல் விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடித் தாமே வாய்க்கால் வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். மேலிருந்தவர் சிங்களவர்; கீழிருந்தவருள் தமிழர் இருந்தனர். 1983ஐ அடுத்துக்கொண்ட அந்தக் கொடிய ஆண்டுகளில் இது நடந்தது. அங்கே வெட்டியவனே பாய்ச்சினான். பாய்ச்சியவனே எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்றும் முடிவு செய்தான். அரசாங்க ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றும் துணைநின்றன, உண்மைதான். ஆனால் மண்வெட்டியும் முடிவும் விவசாயியின் கையிலேயே இருந்தன.

ஒற்றையடிப் பாதையும் நமக்குப் புதிதன்று. ஆடிமாதத்தை அண்டிக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் பாணமை கடந்து உகந்தையை அடைந்து, குமணைக் காட்டுக்குள் புகுந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து போகிறார்கள். அந்த வனத்தில் குமணைப் பகுதி 1985 முதல் 2003வரை போரால் மூடிக்கிடந்தது. இப்போது ஆண்டுக்குச் சில நாட்களே அவ்வழி திறக்கப்படுகிறது. அதைக் காப்பது சட்டத்தைவிடக் கால்களே. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கால்கள் மிதிப்பதால் காடு அதை விழுங்காமல் விட்டிருக்கிறது. வழியில் தண்ணீர் வார்ப்பவன் இந்துவா, முஸ்லிமா, சிங்களவனா என்று தாகமுள்ளவன் கேட்பதில்லை. கேளாத அந்தத் தாகம் ஊர் திரும்பியபின்னும் நீடிக்குமானால் இப்பகுதியில் எத்தனையோ எல்லைத் தகராறுகள் எழாமலே போயிருக்கும். போனவர்கள் விட்டுவரும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்குவதற்கும் இன்று தொண்டர் தேவைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபோது இக்கரையில் வீதிகளைத் திறந்தவர் யார்? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலவாங்கும் மண்வெட்டியுமாக முதலில் வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களே. அவர்களுக்கு எவரும் பெயர்ப்பலகை நாட்டவில்லை. பீக்கோப் பாதையின் பலகைகளில் ஊர்ப்பெயரும் தூரமும் எழுதுவோர், அந்தந்தத் தோட்டத்தில் கான் வெட்டியவர்களின் பெயர்களை ஊர் முதியவர்களைக் கேட்டுப் பக்கத்தில் எழுதலாம். மலையகப் பாடசாலை மாணவர்கள் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது.