எல்லை எங்கே போச்சு?

எழுத்தாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதித் தரும் அறிமுகக் குறிப்புகளில் இத்தனை நூல்கள், இன்னின்ன பரிசுகள், ‘சென்னையில் வசிக்கிறார்’ என்று இருக்கும். எழுதியது அவரேதான், ஆனாலும் படர்க்கை!

தன்னைச் சொல்லிக்கொள்வது தப்பில்லை. தற்புகழ்ச்சியைத் தகாது என்ற நன்னூலே, 13-ஆம் நூற்றாண்டில், நாலு இடங்களில் அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அதில் ஒன்று, தன் திறமை அறியாதவர் முன்னால். புது வாசகர் அப்படிப்பட்டவர்தானே? ஆனால் என்ன சொல்வது என்பதில்தான் கோளாறு. சிறப்புப்பாயிரத்துக்குப் பவணந்தி கேட்கும் எட்டில் ஆசிரியர் பெயர், நூற்பெயர் இரண்டும் நம் குறிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. நூல் வழங்கும் எல்லை, அதைக் கேட்போர் யார் என்பவை காணாமல் போய்விட்டன.

பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் எழுத வருகிறார் என்று வையுங்கள். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததே 1960-இல்தான். வீட்டில் தெலுங்கு, எழுத்தில் தமிழ் என்று வளர்ந்தவராக இருக்கலாம். குறிப்பில் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்று மட்டும் போட்டுவிட்டால், அவர் உரையாடலில் வரும் தெலுங்குச் சாயலை வாசகர் பிழை என்றே திருத்திக்கொண்டு போவார். “எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்” என்ற ஒரு வரி, மூணு பரிசுகளை விட அவர் கதைக்கு உதவும்.