கொடிநாள் உண்டியலும் அரசின் கடனும்

டிசம்பர் 7 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடப்பது ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை அதிகாரி ஆட்சியரின் சட்டையில் சிறு கொடியைக் குத்துவார், ஆட்சியர் உண்டியலில் பணம் போடுவார், மறுநாள் நாளிதழில் படம் வரும். கூடவே, சென்ற ஆண்டு மாவட்டத்துக்கு வைத்த இலக்கு எவ்வளவு, வசூலானது எவ்வளவு என்ற கணக்கும் வரும். நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பாராட்டு. நன்றிக்கு எப்படி இலக்கு வைப்பது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த நாளுக்கு ஒரு முன்கதை உண்டு. வெள்ளையர் ஆட்சியில் நவம்பர் 11, முதல் உலகப்போர் ஓய்ந்த நாள், காகிதப் பாப்பிப் பூ விற்றுப் பணம் திரட்டும் நாளாக இருந்தது. இங்கே திரண்ட பணம் இந்தியச் சிப்பாய்க்குப் போகுமா, பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் போகுமா என்பது ஆள்வோரின் விருப்பம். விடுதலைக்குப் பிறகு அந்தப் பூவுக்கு இங்கு வேலையில்லாமல் போயிற்று. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான குழு டிசம்பர் 7ஐக் கொடிநாளாக முடிவு செய்தது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளுக்கும் ஒவ்வொரு நிறம். ஒரு காகிதக் கொடியை வாங்குவதன் மூலம் படையோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பமும் படைவீரனுக்குத் தன் பங்கைச் செலுத்தலாம். அந்த எண்ணம் நல்ல எண்ணம். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் கொடிநாளின் மதிப்பு இன்னும் கூடும். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் சிப்பாய்களை முப்பதுகளின் நடுவிலும் நாற்பதை ஒட்டியும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள். ஓய்வூதியம் உள்ளவர் சமாளித்துக்கொள்வார். ஆனால் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். அதற்குள் ஏதோ காரணத்தால் வெளியேறியவர்களும், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கலைத்து அனுப்பப்பட்டவர்களும், அவர்களின் மனைவியரும் விதிகளுக்கு வெளியே நின்றார்கள். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து மாதம் 4,000 ரூபாய் தரப்பட்டது. 2025 நவம்பரிலிருந்து அது 8,000 ஆகியிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் தரும் உதவிகளும் அப்போது இரட்டிப்பாயின. ஓய்வூதிய விதி கைவிட்ட கிழவிக்கு மருந்து வாங்கவும் அரிசி வாங்கவும் உதவும் பணம் இது. கொடிநாளை வெறும் சடங்கு என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

குறை தொடங்குவது வசூலில். மாவட்ட முன்னாள் படைவீரர் நல வாரியத்துக்குத் தலைவர் ஆட்சியர்தான். ஆகவே நிதி திரட்டும் பொறுப்பு அப்படியே அரசு அலுவலகங்களின் வழியே இறங்குகிறது. ஆட்சியரிடமிருந்து துறைகளுக்கு, துறைகளிலிருந்து தாலுகாவுக்கு, பள்ளிக்கு என்று இலக்கு பிரிந்து பிரிந்து, கடைசியில் ஏதோ ஒரு காரியமாகக் கவுண்டரில் நிற்கும் மனிதரிடம் போய்ச் சேருகிறது. கொடியைக் கேட்டு வாங்கியவர் குறைவு, கட்டணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவர் அதிகம் என்ற முணுமுணுப்பு நெடுநாளாக உண்டு. வசூலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பதற்கு மக்களின் தாராளம் ஒரு காரணம்தான், ஆனால் நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனத்துக்கும் அதில் பங்கு உண்டு. வேலூருக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் கொடியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் அதை விளக்க ஒரே வழி, வந்த பணம் அந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு எதற்காகப் போனது என்று கொடுத்தவருக்குச் சொல்வது. இலக்கும் வசூலும் படத்தோடு வருகிற இடத்தில் இந்தக் கணக்கும் வரலாமே!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உண்டியல் நிறைகிற நாட்டில், உரிமைக்காக வீரர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நிற்கிறார்கள். 2015 கோடையில் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முதிய வீரர்கள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் அவர்களை அப்புறப்படுத்தப் போலீஸ் வந்தது. செப்டம்பரில்தான் அறிவிப்பு வந்தது. பணியில் உடல் ஊனமுற்றவர்களின் கதை இன்னும் கசப்பானது. ஊனத்தின் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருந்தாது என்று அரசு மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தது. 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளியது. அந்த ஆண்டுக் கொடிநாள் முடிந்து மூன்றே நாள். சட்டையில் கொடி குத்திய அதே அரசுதான் மேல்முறையீட்டாளர் மேசையிலும் இருந்தது. உண்டியலில் பத்து ரூபாய் போட்ட குடிமகனுக்கு இந்த வழக்குகள் காதில் விழுந்திருக்காது. கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்ற நிறைவு அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. கொடிநாள் செய்யும் கெடுதல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வீரனுக்குப் பட்ட கடனைத் தீர்க்க நம் ஊரில் பழைய முறை ஒன்று இருந்தது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் தெரியும். ஆநிரை மீட்கும் பூசலில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். சில இடங்களில் அவன் வீட்டாருக்கு நிலமும் விட்டார்கள். நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் குறிப்பது அந்த நிலத்தைத்தான். நிலம் பெற்றவர்கள் ஆண்டுதோறும் யாரிடமும் போய்க் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, கல் கிடைக்காத வீரர்கள் அன்றும் ஏராளம்.

யார் வீரர் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியிலும் அரியலூர் மாவட்டம் கார்குடியிலும் இருவரின் இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. ஆனால் அவர்கள் உள்துறையின் கீழ் வருகிறவர்கள். கொடியின் மூன்று நிறங்களில் அவர்களுக்கு நிறமில்லை, தனி நிதிதான். 2022இல் வந்த அக்னிபாத் திட்டம் இன்னொரு கோட்டைக் கிழித்தது. நான்கு ஆண்டு முடிந்ததும் கால்வாசிப் பேர் வரைதான் நிலைக்க முடியும். மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் உண்டு, ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. கொடிநாள் நிதி யாருக்காகத் தோன்றியதோ அதே நிலையில், இளமையிலேயே ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறும் ஒரு தலைமுறையை அரசே உண்டாக்கிவிட்டு, நிதியின் கதவுக்கு வெளியிலும் நிறுத்தியிருக்கிறது.

கொடிநாளை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இலக்கை எடுங்கள், கவுண்டரில் விற்பதை நிறுத்துங்கள், கேட்கிறவருக்கு மட்டும் கொடி கொடுங்கள் என்கிறேன். வசூல் குறையும் என்பார்கள். குறையும்தான், முதல் சில ஆண்டுகள் கணிசமாகவே குறையும். அந்தப் பள்ளத்தை வறிய முதியவரின் 8,000 ரூபாயில் கைவைத்து நிரப்பக் கூடாது. பாதுகாப்பு பட்ஜெட்டிலிருந்து நிரப்ப வேண்டும். அவருக்குத் தர வேண்டிய ஓய்வூதியத்தைத் தராமல் மிச்சம் பிடித்தது அந்த பட்ஜெட்தான்.