முதல் காசு பிக்காசுக்கு

ஸ்டார்டியூ வேலி விளையாட்டில் முதல் 2,000 பொன் சேர்ந்ததும் நான் செய்த காரியம், பூவாளியைத் தரம் உயர்த்தக் கொல்லர் கிளின்ட்டிடம் கொடுத்ததுதான். தினமும் விடிந்ததும் நாற்பது பார்ஸ்னிப் செடிக்கு ஒவ்வொன்றாக நீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். பட்டறையில் வேலை முடிய இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளும் நல்ல வெயில். செடிகள் சாகவில்லை, ஆனால் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து உருவாக்கி, 2016 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டு இது. இப்போது ஆண்ட்ராய்டு போனில் மறுபடி முதலிலிருந்து ஆடினேன், இந்த முறை கணக்குப் பார்த்து.

கருவிகளைச் செம்பு, எஃகு, தங்கம், இரிடியம் என்று நான்கு படி ஏற்றலாம். கூலி 2,000, 5,000, 10,000, 25,000 பொன். ஒவ்வொரு தடவையும் ஐந்து உலோகக் கட்டி நம் கையிலிருந்து தர வேண்டும். செம்புக் கட்டி ஒன்றுக்கு ஐந்து தாதும் ஒரு கரியும் உலையில் போட வேண்டும். கிளின்ட் கடையிலேயே வாங்கினால் முதல் வருடம் தாது 75, கரி 150. ஐந்து கட்டிக்கு 2,625 பொன்! கூலியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே சுரங்கத்தில் இறங்குவதைத் தவிர வழியில்லை.

அங்கேதான் பிக்காசு. சுரங்கம் 120 தளம். நாற்பதில் இரும்பு தொடங்கும், எண்பதில் தங்கம். ஆரம்பத்தில் நமக்கு இருக்கும் தெம்பு 270. ஒரு வீச்சுக்கு இரண்டு போகும். கீழே போகப் போகக் கல் கெட்டி. பழைய பிக்காசோடு போனால் பாதி தெம்பு வெறுங்கல்லிலேயே கரைந்துவிடும். பிக்காசு ஒரு படி ஏறினால் மற்ற எல்லாக் கருவிக்கும் வேண்டிய உலோகம் வேகமாகச் சேரும். அதனால் முதல் காசு அதற்குத்தான். போனில் கல்லைத் தொட்டால் பிக்காசு, மரத்தைத் தொட்டால் கோடாரி என்று தானாகவே கைக்கு வருவது பெரிய நிம்மதி.

அடுத்தது கோடாரி. செம்பில் பெரிய அடிமரங்களை வெட்டலாம். எஃகு வந்தால் காட்டில் வழிமறித்துக் கிடக்கும் கட்டையைப் பிளந்து ரகசிய வனத்துக்குள் போகலாம். உள்ளே தினமும் ஆறு அடிமரம், பன்னிரண்டு வைரமரத் துண்டு. குதிரை லாயத்துக்கு நூறு துண்டு வேண்டும். குதிரை வந்த பிறகு, நம் கடிகாரத்தில் பதினான்கு நிமிடத்தில் முடியும் ஒரு நாள் நீண்டுவிட்டது போலிருக்கும்.

பூவாளிக்கு வருவோம். அதைத் தங்கமாக்க ஐந்து தங்கக் கட்டி, கூடவே 10,000 பொன். விவசாயத் திறன் ஆறாம் நிலைக்கு வந்துவிட்டால், அதே ஐந்து கட்டியோடு இரும்பும் சுத்திகரித்த குவார்ட்ஸும் சேர்த்து ஐந்து தரமான தெளிப்பான் செய்யலாம். ஒன்றுக்கு எட்டுக் கட்டம். மொத்தம் நாற்பது கட்டம் நாம் தூங்கும்போதே நனைந்திருக்கும். அப்புறம் பூவாளி எதற்கு? ஆசை விடவில்லையென்றால், நாளைக்கு மழை என்று டிவி சொல்லும் நாளில் காலையில் நீர் ஊற்றிவிட்டுக் கொடுங்கள். குளிர்காலம் இன்னும் நல்லது.

கிளின்ட் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் வாங்குவார். நாலு மணிக்குக் கடையையும் சாத்திவிடுவார். இந்த மனிதரிடம் வரிசையில் நின்றே என் இரண்டாம் வருடம் போனது. மண்வெட்டி மூன்றாம் வருடத்திலும் செம்பிலேயே கிடக்கிறது.