கேள்விக்குறி இட்டவர்

நான் அறிவியல் படித்தவள் அல்ல. தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்து வருபவள். ஒரு பிரதிக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறார்கள், அதை எழுதியவர் யார், பிறகு வந்தவர்கள் அதை எப்படிச் சொன்னார்கள் என்று பார்ப்பது என் தொழில். அந்தப் பார்வையோடு இரண்டு அறிவியல் கட்டுரைகளை அருகருகே வைக்கிறேன்.

முதலாவது, 1967இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஸ்கிரேப்பி நோயின் காரணி நியூக்ளிக் அமிலம் இல்லாமலே பெருகுகிறதா என்பது அதன் தலைப்பு. நால்வர் எழுதிய அக்கட்டுரையில் முதல் பெயர் டிக்வா அல்பர். இரண்டாவது, 1982இல் 'சயின்ஸ்' இதழில் ஸ்டான்லி புரூசினர் தனியாக எழுதியது. புதுவகைப் புரதத் துகள்கள் ஸ்கிரேப்பியை உண்டாக்குகின்றன என்று அதன் தலைப்பு அறிவிக்கிறது. 'பிரையான்' என்ற பெயரும் அதில்தான் சூட்டப்பட்டது. 1997இல் மருத்துவ நோபல் புரூசினர் ஒருவருக்கே கிடைத்தது.

முதல் தலைப்பு கேட்கிறது, இரண்டாவது அறிவிக்கிறது. கேட்டவர் பெண், அறிவித்தவர் ஆண். நமக்குப் பழகிய கதை இது, உடனே தீர்ப்பு எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அல்பர் 1909இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இயற்பியல் படித்து, பெர்லினில் லீஸ மைட்னரிடம் ஆய்வு செய்தவர். திருமணமான பெண்ணுக்கு வேலை தர நிறுவனங்கள் மறுத்த காலத்தில் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து உழைத்தார். நிறவெறி ஆட்சியை எதிர்த்ததால் 1951இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் கதிர்வீச்சு ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, 1962 முதல் 1974 வரை அதன் இயக்குநராகவும் இருந்தார்.

ஸ்கிரேப்பி, ஆடுகளின் மூளையை அழிக்கும் நோய். அரிப்புத் தாங்காமல் ஆடுகள் வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். தொற்றுநோய்தான், ஆனால் காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. ஏதோ விசித்திரமான வைரஸ் என்றே நம்பினார்கள். அல்பர் தன் துறையின் கருவியைக் கையிலெடுத்தார். கதிர்வீச்சுக்கு இலக்கு பெரிதாக இருந்தால் எளிதில் அடிபடும், சிறிதாக இருந்தால் தப்பும். ஸ்கிரேப்பிக் காரணி வைரஸாக இருக்க முடியாத அளவுக்குச் சிறியது என்று கணக்கு காட்டியது. நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் புற ஊதாக் கதிரும் அதை அசைக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து, மரபுப்பொருள் இல்லாமல் எதுவும் பெருகாது என்ற நம்பிக்கையின் முன் அவர் வைத்தது ஒரு கேள்விக்குறி.

காரணி புரதம் என்று அந்தக் கட்டுரை அறுதியிடவில்லை. புரதமே தன்னைப் பெருக்கிக்கொள்ளக்கூடும் என்பதற்கான வழிகளை அதே 1967இல் கணக்கிட்டு எழுதியவர் ஜே. எஸ். கிரிஃபித். அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டு உழைத்தவர் புரூசினர். அல்பரை அவர் மறைக்கவும் இல்லை. நோபல் உரையில் அவருடைய சோதனைகளைக் குறிப்பிடுகிறார். அல்பர் 1995இல் இறந்துவிட்டார்; இறந்தவருக்கு அந்தப் பரிசு தருவதில்லை. ஆகவே 'பரிசைத் திருடிவிட்டார்கள்' என்ற வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. 'பிரையானின் தாய்' என்ற பட்டமும் வேண்டாம். அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து அவரைப் பெரியவராக்குவது இன்னொரு வகையான அழிப்பு.

என் குற்றச்சாட்டு வேறு. ஒன்று 'இது அல்ல' என்று நிறுவியவரை நம் வரலாறுகள் அடிக்குறிப்பில் வைக்கின்றன. 'இதுதான்' என்று பெயர் சூட்டியவரை அட்டையில் போடுகின்றன. காரணி வைரஸ் அல்ல என்ற கதவு திறக்காமல், உடலின் சொந்தப் புரதமே மடிப்பு மாறி நோயாகிறது என்ற இடத்துக்கு யாரும் வந்திருக்க முடியாது. தன்னுடைய புரதம் என்பதால்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பதில்லை என்பதும் அதன் பிறகே விளங்கியது. இலக்கிய வரலாற்றிலும் இதே வரிசைதான். இயக்கத்துக்குப் பெயர் வைத்தவர் பாடத்திட்டத்தில் இருக்கிறார். பழைய இலக்கணம் பொருந்தவில்லை என்று முதலில் சொன்னவளைத் தேட வேண்டியிருக்கிறது.

1993இல், தன் 84ஆம் வயதில், அல்பர் ஸ்கிரேப்பி பற்றி மறுபடியும் ஒரு கட்டுரை எழுதினார். பெயர் சூட்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய தலைப்பில் அது இன்னும் 'புதிர்' என்றே இருந்தது. அவருக்குப் பரிசு தேடித்தர நம்மால் ஆகாது. அந்தத் தலைப்புகளை அவர் எழுதியபடியே வாசிக்கலாம்.