பொதுவிதியும் சிறப்புவிதியும்: ஸ்மால்டாக் உலவி பற்றிய ஒரு திறனாய்வு

நூல் கற்பார்க்குப் பொருளடக்கம் எத்துணைத் தேவையோ, கணினி நிரலைக் கற்பார்க்கு உலவி என்னும் கருவியும் அத்துணைத் தேவையாகும். ஈண்டு உலவி என்றது இணையத்தில் உலவும் கருவியை அன்று. நிரலின் பகுதிகளை எடுத்துக்காட்டும் கருவியையே. சில நூறு வரிகளால் ஆன நிரலைத் தொடக்கமுதல் இறுதிவரை படித்துவிடலாம். பல்லாயிரம் வரிகளாய் அது பெருகியபின் அவ்வாறு படித்தல் அரிது. அமெரிக்காவில், சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்டுபர்க் முதலியோர் ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழியை ஆக்கினர். அதன் 1976-ஆம் ஆண்டு வடிவிற்கு லாரி டெஸ்லர் அமைத்ததே இவ்வுலவி.

பின்வந்த ஸ்மால்டாக்-80 வடிவில் உலவியின் மேற்பகுதியில் நான்கு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டம் துறைகளைக் காட்டும். இரண்டாவது, அத்துறையின் இனக்குழுக்களைக் காட்டும். மூன்றாவது, ஓர் இனக்குழுவின் செயல்முறை வகைகளைக் காட்டும். நான்காவது, செயல்முறைகளின் பெயர்களைக் காட்டும். ஒரு பெயரைத் தெரிந்தெடுத்தால் அதன் வரிகள் கீழே தோன்றும். சொற்களைத் தொகுதி தொகுதியாய் வைக்கும் நிகண்டு போன்ற இவ்வமைப்பால், பெருநிரலும் சிறு சிறு பகுதிகளாய்க் கைக்கு எட்டுகிறது. இஃது இக்கருவியின் பெருஞ்சிறப்பு.

எனினும், தேடி எடுத்தல் வேறு; பொருள் உணர்தல் வேறு. இனக்குழுக்கள் தனித்து நிற்பன அல்ல. ஒன்று மற்றொன்றின் வழித்தோன்றலாய், முன்னதன் செயல்முறைகளை மரபுரிமையாகப் பெறுகிறது; வேண்டுமிடத்துத் தனக்கெனப் புதியதும் வகுத்துக்கொள்கிறது. முன்னது பொதுவிதி எனின், பின்னது சிறப்புவிதி. பொதுவிதியை மட்டும் படித்துச் சிறப்புவிதியைக் காணாத மாணவன் தவறுவான் என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். உலவியைக் கொண்டு படிப்பவனுக்கும் அதே இடர் நேர்கிறது.

சான்றாக, 'கலெக்‌ஷன்' என்னும் மூத்த இனக்குழுவைக் காண்க. தொகுப்பு வெறுமையா என வினவும் 'இஸ்எம்ப்டி' அங்கே ஒரே வரியில் அமைந்துள்ளது. தன் அளவைத் தரும் 'சைஸ்' சுழியமா என்று கேட்பதே அவ்வரி. அதே இனக்குழுவில் 'சைஸ்' என்பதைத் திறந்தால், உறுப்புகளை ஒவ்வொன்றாய் எண்ணும் முறை காணப்படும். வெறுமையை அறிய எல்லாவற்றையும் எண்ண வேண்டும் எனப் படிப்பவன் முடிவு செய்வான். அதன் வழிவந்த 'ஆர்டர்டு கலெக்‌ஷன்' அளவில் அம்முடிவு பிழை. அவ்வினக்குழுவின் 'சைஸ்' எதனையும் எண்ணுவதில்லை. கடைசி இடத்தின் எண்ணிலிருந்து முதலிடத்தின் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டி விடை தருகிறது. மூதாதையின் வரி இயங்கும்போதும் அழைக்கப்படுவது வழித்தோன்றலின் செயல்முறையே. உலவியோ இவ்வுண்மையை அவ்விடத்தில் உரைப்பதில்லை.

இனக்குழுக்களின் கொடிவழியைக் காட்டும் காட்சியும், ஒரு பெயரைக் கொண்ட செயல்முறைகள் எங்கெங்கு உள்ளன என்னும் பட்டியலும் அதே ஸ்மால்டாக்கில் உண்டே எனலாம். உண்டு. ஆயினும் கொடிவழி உறவைக் கூறுமேயன்றி நடத்தையைக் கூறாது. பட்டியலோ எல்லாவற்றையும் அடுக்கிவைத்துத் தெரிவைப் படிப்பவனிடமே விட்டுவிடுகிறது. அவன் மேலும் கீழுமாய் ஏறி இறங்க வேண்டியவனாகிறான். 1989-இல் ஆய்வாளர் சிலர் இத்தொல்லைக்கு, நூலில் ஏறியிறங்கும் விளையாட்டுப் பொருளை நினைந்து, 'யோ-யோ' இடர் எனப் பெயரிட்டனர். 2001-இல் வெளிவந்த எக்லிப்ஸ் போன்ற பிற்காலக் கருவிகள், மரபுரிமையாய் வந்த உறுப்புகளையும் ஒருங்கே காட்ட வல்லன. அது நல்ல முன்னேற்றமே. எனினும், இவ்வழைப்பு இப்பொருளிடத்து எங்கே செல்லும் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

வியப்பு யாதெனில், இதற்குரிய விடை ஸ்மால்டாக்-80-இன் பிழையாய்வுக் கருவியிலேயே உள்ளது. ஓட்டம் இடையில் நின்றால் அக்கருவி, செய்தியைப் பெற்ற பொருளின் இனக்குழுவை எழுதி, செயல்முறை கிடைத்த மூத்த இனக்குழுவைப் பிறைக்கோட்டுக்குள் வைத்து, அதன்பின் செயல்முறையின் பெயரைக் காட்டுகிறது. யார் கேட்டார், எவர் விதி இயங்கிற்று என்னும் இரண்டும் ஒரே வரியில் விளங்குகின்றன. நிரல் நின்றபின் கிட்டும் இத்தெளிவை, படிக்கும்போதே தருவதன்றோ உலவியின் கடன்? பெயரைக் காட்டுவதோடு அமையாது, அவ்விடத்திற்குரிய விதியையும் காட்டுங்கால் உலவி கற்பார்க்கு உற்ற துணையாகும்.